நாலு மூலைக் கருப்பு

சிரிங்கடா, நல்லா சிரிங்க. வாயில இருக்கிற டீ மூக்கு வழியா வரட்டும், அப்பத்தான் எனக்கு மனசு ஆறும்.

ஏன்டா செல்வக்கனி, சிரிக்கிறதுக்கு உனக்கு என்னடா தகுதி இருக்கு? பைண்டிங் வேலை பாக்குறேன்னு ஸ்கூல் ஆண்டு மலர்ல ஹெட்மாஸ்டர் போட்டோவைத் தலைகீழா வச்சு ஆயிரம் புத்தகம் தச்சவன்தான நீ? அந்த மனுசன் இன்னைக்கும் ஊருக்குள்ள சிரசாசனத்துல நிக்கிறாரு. ஸ்டீபனு, நீ மூஞ்சியத் திருப்பாத. லேமினேசன் பண்றேன்னு ஒரு கிழவர் ஆதார் கார்டுக்குள்ள ஈயை வச்சு ஒட்டுனவன் நீ. கார்டுல அவர விட ஈதான் தெளிவா தெரியுது. இந்த லட்சணத்துல நீங்க ரெண்டு பேரும் எங்கம்மாவைப் பாத்துச் சிரிக்கிறீக.

இப்ப எங்கம்மா காய்கறிப் பையோட இந்த வழியா போச்சுல்ல? செல்வக்கனி, நீ என்னடா கேட்ட? "அத்தே, வெள்ளைப் பேப்பருக்கு மஞ்சள் வச்சாச்சா?" அதுவும் சிரிச்சுக்கிட்டே, "வச்சாச்சு வச்சாச்சு"ன்னு போயிருச்சு. எங்கக்கா கல்யாணம் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு, இன்னும் அந்தப் பேச்சு அடங்கல.

உக்காரு. மாஸ்டர், இன்னும் மூணு டீ போடுங்க. நீங்க கேட்டதெல்லாம் கல்யாண வீட்டுல எங்க மாமா பந்திக்குப் பந்தி சொன்ன கதை. நான் சொல்றதைக் கேளு.

முதல்ல ஒண்ணு. தப்பு பிரிண்டர் மேல இல்ல. என் பிரிண்டரைப் பத்தி எவனும் பேசக் கூடாது.

நான் இன்ஜினியரிங் மூணாவது வருசம் பாதியில நின்னேன்ல, அப்ப எங்கப்பா நாலு மாசம் என்கூடப் பேசல. எங்க அக்கா குருலட்சுமிதான், கோவில்பட்டியில வேலைக்குச் சேந்து முதல் போனஸ் வாங்குனதும் நேரா போய் ஒரு பிரிண்டர் வாங்கிட்டு வந்து முன்னாடி வச்சுச்சு. "மாரீசு, சும்மா படுத்துக் கிடக்காத. பயோடேட்டா, ஹால் டிக்கெட்டுன்னு தெருவுல பத்துப் பேருக்கு அடிச்சுக் குடு"ன்னுச்சு. சின்ன மெஷின்தான். பக்கத்துல நாலு கலர் டேங்க். வெளியவே தெரியும், ரோஸ்மில்க் கடை மாதிரி.

சிவகாசியில போயி வீட்டுல பிரிண்டர் வச்சிருக்கிறது எப்படின்னா, கடற்கரையில குடியிருந்துக்கிட்டு அண்டாவுல மீன் வளக்கிற மாதிரி. எங்கப்பா முப்பது வருசமா ஆப்செட் மெஷின்மேன். அவரு ஓட்டுற மெஷின் எங்க வீட்டை விடப் பெருசு. என் பிரிண்டரை ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு, "இது என்ன, டிபன் பாக்ஸா?"ன்னு கேட்டாரு. நாலு மாசத்துக்கு அப்புறம் என்கிட்டப் பேசுன முதல் வார்த்தை அதுதான்.

சரி, விசயத்துக்கு வர்றேன். அக்கா அவுக ஆபீசுலயே தினகர்னு ஒருத்தரைப் பிடிச்சிருக்குன்னு வந்து நின்னுச்சு. அப்பா ரெண்டு நாள் சாப்பிடல, மூணாவது நாள் பசிச்சுச்சு, ஒத்துக்கிட்டாரு. அம்மா முதல் நாளே ஒத்துக்கிருச்சு. பாக்கி ஒரே ஆளு. எங்க தாய்மாமன் சீனிராஜ்.

மாமா தன் பையனுக்கு அக்காவைக் கேக்கலாம்னு மனசுல வச்சிருந்தாரு. வாய்விட்டுக் கேக்கல. ஆனா ஊருக்கே தெரியும். விசயத்தை அப்பா போயிச் சொன்னப்ப, கோபப்படல, கத்தல. "அப்படிங்களா"ன்னு மட்டும் சொன்னாராம். எங்க மாமா "அப்படிங்களா"ன்னுட்டா முடிஞ்சுச்சுன்னு அர்த்தம். எதிர்வீட்டுக்காரர்கிட்ட ஒரு தடவை அப்படித்தான் சொன்னாரு. அந்த மனுசன் செத்தே போயிட்டாரு, இவரு இன்னும் பேசல.

அப்பா மறுபடியும் ரெண்டு தடவை நடையா நடந்தாரு. கடைசியில மாமா இறங்கி வந்து ஒண்ணே ஒண்ணு சொன்னாரு. "பத்திரிகை வரட்டும். மொறையா வந்தா பாப்போம்."

மொறையான்னா என்ன? தாய்மாமனுக்குத்தான் முதல் பத்திரிகை. அவரு வாங்குறதுக்கு முன்னாடி வேற யாரு கண்ணுலயும் படக் கூடாது. அக்கா வேற, "மாமா வரலைன்னா நான் மணவறையில உக்கார மாட்டேன். என்னைத் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்ச மனுசன்"னு சொல்லிருச்சு. அது சொன்னா செய்யும். பிரிண்டர் வாங்கித் தர்றேன்னு சொல்லி வாங்கித் தந்த ஆளு.

இப்ப நீங்களே சொல்லுங்க. சிவகாசியில எந்தப் பிரஸ்ல குடுத்து ரகசியமா ஒரு பத்திரிகை அடிக்க முடியும்? பிளேட்டு காயறதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சுரும். அடிக்கிறவன் சித்தப்பா, வெட்டுறவன் மச்சான், பைண்டிங்ல இந்தா இந்தச் செல்வக்கனி. இவன் வாயில ஒரு விசயம் விழுந்தா ரெண்டாவது டீக்குள்ள திருத்தங்கல் தாண்டிரும். அதுக்கும் மேல, எங்க மாமா டை கட்டிங் கடை வச்சிருக்காரு. ஊர்ல பாதி கல்யாணப் பத்திரிகைக்கு ஓரம் வளைச்சு வெட்டுறது அவருதான். தன் தங்கச்சி வீட்டுப் பத்திரிகையை எவனோ ஒருத்தன் கட்டுக் கட்டிக் கொண்டாந்து அவரு கடையிலயே இறக்குனா எப்படி இருக்கும்?

அப்பத்தான் நான் எந்திரிச்சேன். "நான் வீட்டுல அடிக்கிறேன். பதினோரு பத்திரிகை. மாமாவுக்கு ஒண்ணு, நெருங்குன சொந்தத்துக்குப் பத்து. அவரு வாங்குனதும் மிச்சத்தைப் பிரஸ்ல குடுப்போம்"னேன்.

அப்பா, "டிபன் பாக்ஸ்லயா?"ன்னாரு.

"ஆமா, டிபன் பாக்ஸ்லதான்"னேன். எனக்கு ரோசம் வந்துருச்சு மாப்ள. அன்னைக்கு அந்த மெஷினை வச்சு ஜெயிச்சுக் காட்டணும்னு நெஞ்சுக்குள்ள ஒரு இது.

வியாழக்கிழமை சாயந்தரம்தான் மாப்பிள்ளை வீட்டுல பேரு வரிசையெல்லாம் எழுதிக் குடுத்தாக. உக்காந்து டிசைன் பண்ணேன். மேல பிள்ளையார், கீழ வாழை மரம். 'தாய்மாமன் சீனிராஜ்'ங்கிறதை மட்டும் மணமக்கள் பேருக்கு அடுத்த சைசுல போட்டேன். அக்கா பாத்துட்டு, "மாமா பேருதான் மாப்பிள்ளை பேரு மாதிரி இருக்கு"ன்னுச்சு. இருக்கட்டும், நல்லதுதானேன்னேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள பத்திரிகை மாமா கையில இருக்கணும். ஏழு மணிக்கே குளிச்சு, வேட்டி கட்டி, பிரிண்டரைக் கூடத்துல வச்சு, நெத்தியில அதுக்கும் ஒரு பொட்டு வச்சேன். சாமி படத்துக்கு முன்னால பதினோரு அட்டையும் தட்டுல இருந்துச்சு. நல்ல கனமான அட்டை. வெள்ளைத்தாள்ல ஒண்ணு அடிச்சுப் பாத்தேன். கண்ணாடி மாதிரி வந்துச்சு. அப்பா பாத்துட்டு ஒண்ணும் சொல்லல. அவரு ஒண்ணும் சொல்லலைன்னா அது பாராட்டு.

முதல் அட்டையை விட்டேன். கரகரன்னு ஒரு சத்தம். வெளிய வந்துச்சு பாரு, நாலு மூலையிலயும் கருப்பு. யாரோ கரிக்கட்டையை வச்சு இழுத்து விட்ட மாதிரி.

கல்யாணப் பத்திரிகையில ஓரத்துல கருப்புன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும். கருமாதிப் பத்திரிகைக்குத்தான் அப்படி அடிப்பாக. அம்மா பட்டுன்னு அதைப் பிடுங்கி முந்தானைக்குள்ள மறைச்சுருச்சு.

"ஒண்ணும் இல்ல, மை அடிக்கிற ஹெட்டுல அழுக்கு"ன்னேன். ஹெட் கிளீனிங் போட்டேன். மெஷின் ரெண்டு நிமிசம் தொண்டையைக் கனைச்சுச்சு. ரெண்டாவது அட்டை விட்டேன். அதே கருப்பு. மறுபடி கிளீனிங். மூணாவது அட்டை. அதே கருப்பு. டேங்க்ல இங்க்தான் குறையுது, கருப்பு குறையல.

சரி, வெள்ளைத்தாளை விடுவோம்னு விட்டேன். சுத்தமா வருது! அட்டையை விட்டா கருப்பு. தாளை விட்டா சுத்தம். பேய் பிடிச்ச மெஷின் மாதிரி ஆளு பாத்து வேலை காட்டுது.

"அப்ப ரோலர்ல பிரச்சனை"ன்னேன். துணியை நனைச்சு ரோலரைத் துடைச்சேன். "அட்டை கனம், அதான்"னு கம்ப்யூட்டர்ல கனத்தாளுன்னு மாத்தி வச்சேன். நாலாவது அட்டை போச்சு. அஞ்சாவது போச்சு. மணி எட்டேமுக்கால்.

அக்கா மெஷினோட வந்த புத்தகத்தை வச்சுக்கிட்டு என் பின்னாடியே நிக்குது. "டேய், அட்டை நேரா இருக்கணும், வளைஞ்சிருந்தா ஹெட்டுல உரசும்னு போட்டிருக்குடா."

"அது வெளிநாட்டுக்காரனுக்கு எழுதுனது. நீ தள்ளு."

"தள்ளு தள்ளுன்னா? என் கல்யாணம்டா."

"அதான் பாத்துக்கிட்டு இருக்கேன்ல? கீழ வேஸ்ட் இங்க் சேர்ற ஸ்பாஞ்சு ரொம்பியிருக்கும். அதான் மேல வருது."

சொல்லிட்டு மெஷினை அப்படியே தூக்கிச் சாய்ச்சேன் பாரு.

"டேய் டேய், சாய்க்கக் கூடாதுன்னு..." அக்கா முடிக்கல. டேங்க்ல இருந்து கருப்பு மையும் நீல மையும் குடுகுடுன்னு இறங்கி, என் வேட்டியில, தரையில, அம்மா விடிய எந்திரிச்சுப் போட்ட மாக்கோலத்துக்கு நடுவுல போயி நின்னுச்சு. பாதிக் கோலம் கருப்பு, பாதிக் கோலம் நீலம். நான் அதைக் கையால தடுக்கப் போயி, வேர்வையைத் துடைக்கிறேன்னு மூஞ்சியில தடவி... நீ சிரி. அக்காவும் அப்ப சிரிச்சுச்சு. சிரிச்சுக்கிட்டே உக்காந்து அழுதுருச்சு.

"மாமா இதைத்தான்டா எதிர்பாத்துக்கிட்டு இருக்காரு. வேண்டாம்னு சொல்ல அவருக்கு ஒரு சாக்கு வேணும். நாம அதை அடிச்சே கொண்டு போறோம்"னுச்சு.

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. ஆனாலும் விடல. மெஷினைத் துடைச்சு, நேரா வச்சு, ஆறாவது அட்டையையும் விட்டேன். கருப்பு.

அப்பத்தான் அப்பா வந்தாரு. ஆறாவது அட்டையை எடுத்தாரு. கண்ணுக்கு நேரா, துப்பாக்கியில குறி பாக்குற மாதிரி வச்சுப் பாத்தாரு. அப்புறம் தட்டுல மிச்சம் இருந்த அஞ்சு வெள்ளை அட்டையையும் எடுத்துப் பாத்தாரு. ஒவ்வொரு அட்டைக்கும் நாலு மூலையிலயும் மஞ்சள். ஈர மஞ்சளைத் தொட்டு வச்சு, அது காஞ்சு, மூலை நாலும் அப்பளம் மாதிரி மேல தூக்கிக்கிட்டு நிக்குது. ஹெட்டு போகும்போதும் வரும்போதும் அந்த மூலையில இடிக்குது. இடிச்ச இடமெல்லாம் கருப்பு.

"இது எவ வேலை?"

எங்க வீட்டுல மஞ்சள் கிண்ணம் யாரு கையில இருக்கும்? அம்மா முன்னால வந்துச்சு. "நான்தாங்க வச்சேன்"னுச்சு.

பிடிச்சாரு பாரு எங்கப்பா. "அறிவிருக்கா உனக்கு? ஊருல அடிச்ச பத்திரிகைக்கு மஞ்சள் வைப்பாக. வெள்ளைப் பேப்பருக்கு எவளாவது மஞ்சள் வைப்பாளா? இலையே போடாம சாம்பார் ஊத்துவியா? மெஷின்மேன் பொண்டாட்டின்னு வெளிய சொல்லிராத!" பொரிஞ்சு தள்ளிட்டாரு. அம்மா ஒரு வார்த்தை பேசல. பேருதான் பேச்சி. தரையில கிடந்த மையைப் பழைய சேலையை வச்சுத் துடைச்சுக்கிட்டே இருந்துச்சு.

மணி ஒன்பதேகால். நான் இஸ்திரிப் பெட்டியை எடுத்தேன். அஞ்சு அட்டைக்கும் மூலை மூலையா தேய்ச்சுப் படுக்க வச்சேன். அடிச்சேன். முன்ன மாதிரி இல்ல, ஆனா லேசா கருப்பு இருக்கு. நூல் மாதிரி. உடனே ஒரு காசை மூலையில வச்சு, பென்சில்ல வளைச்சுக் கோடு போட்டு, கத்தரிக்கோல்ல வெட்டுனேன். நாலு மூலையும் ரவுண்டு. கருப்பும் போச்சு, மஞ்சளும் போச்சு. அதுல நல்லதா ஒண்ணை எடுத்துப் புதுசா மஞ்சள் வச்சோம். மெஷின்மேன் மகன்னா சும்மாவா? அப்பாவே, "பரவால்ல"ன்னாரு. டிபன் பாக்ஸுன்னு சொல்லல.

பத்து மணிக்கு மாமா வீட்டுல இருந்தோம். தட்டுல தேங்கா, பழம், வெத்தலை, பாக்கு, பத்திரிகை. மாமா சட்டையில்லாம, துண்டோட உக்காந்திருந்தாரு. அத்தை முறுக்கு கொண்டாந்து வச்சுச்சு. யாரும் தொடல. நான் மட்டும் எடுத்தேன், வாயி சும்மா இருந்தா உளறிருவேன்னு.

மாமா தட்டை வாங்கல. பத்திரிகையை மட்டும் எடுத்தாரு. கண்ணாடியைப் போட்டாரு. பேரைப் படிக்கல மாப்ள. தேதியைப் படிக்கல. கட்டை விரலை வச்சு மூலையைத் தடவுறாரு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.

"இது எந்தக் கடையில வெட்டுனது?"

அப்பா ஃபேனைப் பாக்குறாரு.

"நாலு மூலையும் நாலு வளைவா இருக்கே. மாப்ள, இது கத்தரிக்கோல். டை கட்டிங் கடைக்காரன் வீட்டுக்கு, கத்தரிக்கோல்ல வெட்டிக் கொண்டாந்திருக்கீக"ன்னாரு என்னைப் பாத்து.

"புது மாடல் மாமா"ன்னேன்.

அவரு சிரிக்கல. மூணாவது மூலையை வெளிச்சத்துல காட்டுனாரு. நூல் அளவு கருப்பு. நான் விட்டுட்டேன், அவரு விடல. "கருப்பு"ன்னாரு. மெதுவா. கத்தியிருந்தாக்கூடத் தேவலை. "எனக்குக் கருப்பு போட்டுக் கொண்டாந்திருக்கீக." பத்திரிகையைத் தட்டுலயே திருப்பி வச்சாரு. அக்கா என் முழங்கையைப் பிடிச்சுச்சு. நகம் உள்ள இறங்குது. மாமா வாயத் திறக்குறாரு. "அப்படி..."

"அண்ணே!"

எங்கம்மா மாப்ள. அது மாமா முன்னாடி சத்தமா பேசி நான் பாத்ததே இல்ல. "அண்ணே, அறிவு கெட்டவ நான்தான்ணே. அடிக்கிறதுக்கு முன்னாடியே மஞ்சளைத் தொட்டு வச்சுட்டேன். அது மெஷினுக்குள்ள போயி இடிச்சு மையை இழுத்துருச்சு. புள்ளைங்க மேல தப்பு இல்ல. என்னை வையி. பத்திரிகையை வாங்கிக்கண்ணே."

மாமா அம்மாவையே பாத்தாரு. "வெள்ளைப் பேப்பருக்கா?"

"ஆமாண்ணே."

"எழுத்தே இல்லாத பேப்பருக்கா மஞ்சள் வச்ச?"

"ஆமாண்ணே."

"எத்தனை பேப்பருக்கு?"

"பதினொண்ணுக்கும்ணே."

மாமா உதடு துடிச்சுச்சு. அத்தையைப் பாத்தாரு. அப்புறம் வந்துச்சு பாரு சிரிப்பு, துண்டு நழுவுற மாதிரி. "ஏ பேச்சி, பேச்சி! சின்னப்புள்ளையில இட்லிச் சட்டியில மாவே ஊத்தாம அடுப்புல வச்சவதான நீ!" கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாரு. அம்மாவும் சிரிச்சுச்சு. அழுகுதா சிரிக்குதான்னு தெரியாத மாதிரி ஒரு சிரிப்பு. மாமா அந்தக் கண்ணைத் துடைச்ச கையோட பத்திரிகையை எடுத்துக்கிட்டாரு. தட்டையும் வாங்கிக்கிட்டாரு. அப்ப மணி பத்து இருபது.

"மாப்ள, இதைக் கத்தரிக்கோல்ல வெட்டுனியா, எலிகிட்டக் குடுத்து வாங்குனியா? மிச்சப் பத்திரிகை எல்லாம் அடிச்சு நேரா என் கடைக்குக் கொண்டா. நான் வெட்டித் தர்றேன். என் வீட்டுப் பத்திரிகையைக் கண்டவன் வெட்டக் கூடாது"ன்னாரு. என் வீட்டுப் பத்திரிகைன்னு சொன்னாருடா. அக்கா அப்பத்தான் என் கையை விட்டுச்சு.

கல்யாணத்துல மாமாதான் முன்னால நின்னாரு. நீங்களும் பாத்தீக. சாப்பிட வந்தவன் ஒருத்தன் விடாம, "எந்தங்கச்சி வெள்ளைப் பேப்பருக்கு மஞ்சள் வச்ச கதை தெரியுமா?"ன்னு ஆரம்பிச்சுருவாரு. மாப்பிள்ளை வீட்டுக்காரகளும் சிரிச்சாக. சமையக்காரரும் சிரிச்சாரு. இப்ப டீக்கடை வரைக்கும் வந்துருச்சு.

அந்தக் கதையில ஒரு ஓட்டை இருக்கு. எவனுக்காவது தோணுச்சா? எங்கம்மா இருபத்தஞ்சு வருசமா எத்தனை வீட்டுப் பத்திரிகைக்கு மஞ்சள் வச்சிருக்கும்? அதுக்குத் தெரியாதா எப்ப வைக்கணும்னு?

தெரியும். வியாழக்கிழமை சாயந்தரம் என்கிட்ட வந்து, "அடிச்சு முடிச்சுட்டுக் கூப்பிடுறா, மஞ்சள் வைக்கணும்"னு சொல்லுச்சு. நான் கம்ப்யூட்டரை விட்டுத் திரும்பக்கூட இல்ல. "இது பிரஸ் மை இல்லம்மா. தண்ணி பட்டா எழுத்து கலைஞ்சிரும். இப்பவே வச்சிரு, காலையில காஞ்சிருக்கும்"னேன். "வெள்ளைப் பேப்பருக்காடா?"ன்னு கேட்டுச்சு. மாமா கேட்ட அதே கேள்வி. "உனக்கு மெஷினைப் பத்தி என்ன தெரியும்? சொன்னதைச் செய்யி"ன்னேன். செஞ்சுச்சு.

இன்னும் ஒண்ணு இருக்கு. அதையும் சொல்லிடறேன், அப்புறம் யாரைப் பாத்துச் சிரிக்கணுமோ சிரிச்சுக்கங்க. கருப்பு எங்கருந்து வருதுன்னு அப்பா வந்துதான் எனக்குத் தெரிஞ்சுச்சுன்னு நினைக்காதீக. மூணாவது அட்டையிலயே தெரிஞ்சுபோச்சுடா. மூலை தூக்கி நின்னதை நான் பாத்தேன். தெரிஞ்சுக்கிட்டேதான் ரோலரைத் துடைச்சேன், தெரிஞ்சுக்கிட்டேதான் மெஷினைச் சாய்ச்சேன். அப்பா திட்டும்போது அம்மா என்னைப் பாத்துச்சு. நான் பிரிண்டரைப் பாத்துக்கிட்டு இருந்தேன்.